ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எடுத்த ரத்தம்

திகாம் பத்து என்ற ஊரின் முச்சந்தியில் மஞ்சள் குடைக்குக் கீழே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்கும் நவமணியிடம் நான் ஒன்பது வருடமாகப் பசியாறுகிறேன். காலை ஆறரைக்கு மேசையை விரித்தால் ஒன்பது மணிக்குள் எல்லாப் பொட்டலமும் தீர்ந்துவிடும். அவருக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. கைவிரல் நகங்கள் கறுத்துத் தடித்து, சில விரல்களில் பாதி நகம்தான் இருக்கும். முதல் முறை வாங்க வருகிறவர்கள் அந்த விரல்களைப் பார்த்துத் தயங்குவார்கள். அவர் அதைக் கவனித்துக்கொண்டே இடுக்கியால் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். விளக்கம் சொல்லமாட்டார்.

இருபத்திரண்டு வருடம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் மருந்தடித்தவர் அவர். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிக்கிற வேலை. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். களைக்கொல்லியின் ஆபத்தைப் பற்றி ஐந்தாம் வகுப்புக்குப் படம் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த நேரத்தில் அதைத்தான் முதுகில் சுமந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி நான் அன்று யாரிடமும் எதுவும் பேசவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள்மீது கோபப்பட்டு எழுதப்போகிற எனக்கு அது ஒரு கடமை.

2024-இல் குரூண் சாலையில் புதிதாக வந்த பல்கலைக்கழகம் ஒன்று பொதுமக்களுக்காக அறிவியல் வாரம் நடத்தியது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் காலை பத்து மணிக்கு ஓர் உரை. யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. அங்கே நிகழ்ச்சி அதிகாரியாக இருந்த ரவிச்சந்திரன் நவமணியின் வாடிக்கையாளர். மண்டபத்துக்கு வெளியே கூடாரம் போட்டு இரண்டு கடைக்கு இடம் கொடுத்தார்கள். ஒன்று நவமணிக்கு. இன்னொன்று சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜக்கரியாவுக்கு. அவர் நூடுல்ஸ் வறுத்து மீ கோரெங் போட்டார்.

திங்கட்கிழமை நான் போனபோது நவமணி கை கழுவிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எல்லாம் வித்துப்போச்சு. உள்ள ஏர்கோன் ஜில்லுன்னு இருக்கு. வாங்க, நாமளும் போய் உக்காருவோம் லா."

அன்று நட்சத்திரங்களைப் பற்றிய உரை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நவமணி. மலாய்மொழி உரையை ஒரு சொல் விடாமல் கேட்டார். சில நட்சத்திரங்களின் வெளிச்சம் நம்மை வந்து சேர ஆயிரம் வருடம் ஆகும் என்று பேச்சாளர் சொன்னார். கேள்வி நேரம் வந்ததும் நவமணி கையைத் தூக்கினார்.

"அப்படின்னா நாம இப்ப பாக்குற நட்சத்திரம் அங்க இன்னும் இருக்கா, இல்லையான்னு எப்படித் தெரியும்?"

மலாயில் அவர் அதைக் கேட்டதும் மண்டபம் முழுக்கக் கைதட்டல். பேச்சாளர் மேடையை விட்டு இறங்கி வந்து பதில் சொன்னார். யாரோ படம் எடுத்தார்கள். மாலைக்குள் பல்கலைக்கழகத்தின் முகநூல் பக்கத்தில் கையில் ஒலிவாங்கியோடு நவமணி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'அறிவு எல்லாருக்கும்' என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை மெர்போக் ஆற்றுச் சதுப்பு நண்டுகளைப் பற்றிய உரை. அன்றும் அவர் கேள்வி கேட்டார், அன்றும் கைதட்டினார்கள். ரவிச்சந்திரன் எல்லாரிடமும் "எங்க நாசி லெமாக் அக்கா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

புதன்கிழமை உரைக்குத் 'தோட்டத் தொழிலாளர் நலம்: இருபது ஆண்டு ஆய்வு' என்று தலைப்பு. பேசியவர் கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியர் சத்தியசீலன். நரைத்த தலை, நீலச் சட்டை, இனிமையான குரல். "நானும் ஒரு தோட்டத்துப் பிள்ளை. என் அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க" என்று தமிழில் தொடங்கிவிட்டு மலாய்க்குப் போனார். தமிழர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. எனக்கும்தான்.

திரையில் ஒரு பழைய புகைப்படம் வந்தது. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதுகில் மருந்துப் பம்பு, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துணி. முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நவமணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டீச்சர், அது எங்க தோட்டம். அந்தப் பச்சைத் துணி வாசுகி. அவ பக்கத்துல நிக்கிறது நான்."

வாசுகியைப் பற்றி நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நவமணிக்கு அடுத்த வீடு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதிகாலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். பதினெட்டு லிட்டர் பம்பு நிறைய மருந்தைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நிரப்பி அடிப்பார்கள். பம்பு ஒழுகும், முதுகு ஈரமாகவே இருக்கும். வருடத்துக்கு ஒரு முகமூடி கொடுப்பார்கள். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி மேற்பார்வை பார்க்கும் மண்டோர் காலையிலேயே எச்சரிப்பார். மற்ற நாளில் கேட்பாரில்லை. மூக்கில் ரத்தம் வந்தால் தோட்டத்து டிரசரிடம் போவார்கள். அவர் மாத்திரை கொடுத்து மறுநாள் வேலைக்கு அனுப்புவார்.

2004 ஜூன் மாதம் ஒரு வெள்ளை வேன் தோட்டத்துக்கு வந்தது. ஏதோ பல்கலைக்கழகத்து ஆட்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் மேசை போட்டு மருந்தடிக்கும் பெண்கள் முப்பத்து நான்கு பேரிடமும் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். ஒவ்வொருவருடைய ரவிக்கையிலும் எண் எழுதிய அட்டையைக் குத்தினார்கள். நவமணி பதினேழு, வாசுகி பதினெட்டு. தமிழ் பேசுகிற ஓர் இளைஞர்தான் எல்லாரையும் சமாதானப்படுத்தினார். "பயப்படாதீங்க அக்கா, ரெண்டு மாசத்துல ரிசல்ட் உங்க கைக்கே வரும்." ஆளுக்கு ஒரு மைலோ பானப்பொடிப் பொட்டலமும் ஒரு துண்டும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆறு மாதம் ஆனது. டிரசரிடம் கேட்டார்கள், வரும் என்றார். தோட்ட அலுவலகக் கிராணியாரிடம் கேட்டார்கள், வந்தால் சொல்கிறேன் என்றார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ரத்தம் எடுத்த கதையெல்லாம் நவமணி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக ஒரு பட்டியல் வந்தது. ஒன்று முதல் முப்பத்து நான்கு வரை எண்கள். எதிரே ரத்த, சிறுநீர் அளவுகள். ஒன்பது வரிகள் சிவப்பில் இருந்தன. பேராசிரியர் ஓர் ஒளிப்புள்ளியை அந்த வரிகள்மேல் ஓட்டினார்.

"பூச்சிமருந்து ரத்தத்தில் இருக்கிற ஒரு முக்கியமான பொருளை அடக்கிவிடும். இந்த ஒன்பது பேருக்கும் அது பாதிக்கும் கீழே போயிருக்கிறது. இவர்களை அன்றைக்கே இந்த வேலையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். சிலருக்குச் சிறுநீரகமும் கெடத் தொடங்கியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அந்த ஆய்வு எந்தெந்த நாட்டு மாநாடுகளில் வாசிக்கப்பட்டது என்று உலக வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார்.

பதினேழு சிவப்பு. பதினெட்டும் சிவப்பு.

நவமணி என் கையை விட்டார்.

கேள்வி நேரம் வந்தது. நவமணி எழுந்ததும் நிகழ்ச்சியை நடத்திய அம்மையார் முகம் மலர்ந்து ஒலிவாங்கியைக் கொடுத்தனுப்பினார். முகநூலில் வந்த முகம் அல்லவா!

"டாக்டர், தமிழ்ல கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க அக்கா."

"அந்தப் பட்டியல்ல பதினேழாம் நம்பர் நான்தான்."

தமிழ் புரிந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். ஏதோ பள்ளி நண்பர்கள் வெகுநாள் கழித்துச் சந்தித்துக்கொண்டதுபோல. பேராசிரியரும் சிரித்தார். "அப்படியா! ரொம்ப சந்தோஷம் அக்கா."

"சந்தோஷப்பட ஒன்னும் இல்ல. சிவப்புல போட்டிருக்கீங்க. அன்னைக்கே வேலைய விட்டு எடுத்திருக்கணும்னு சொன்னீங்க. எங்கிட்ட யார் சொன்னா?"

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது.

"முடிவுகள தோட்ட நிர்வாகத்துக்கு முறைப்படி அனுப்பிட்டோம் அக்கா. தனிப்பட்டவங்க விவரத்த ரகசியமா வெச்சிருக்கணும்னு ஆய்வு விதி இருக்கு."

"யாருகிட்டேருந்து ரகசியம்? எங்கிட்டேருந்தா?"

"அப்படி இல்ல..."

"ரத்தம் என்னோடது. ரிசல்ட் மேனேஜருக்கா?"

"அக்கா, நீங்க புரிஞ்சுக்கணும். அப்ப நான் ஒரு மாணவன். எனக்கு அதிகாரம் கிடையாது."

நவமணி அவரை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"ரெண்டு மாசத்துல உங்க கைக்கே வரும்னு சொன்ன தம்பி நீங்கதானே? அத சொல்றதுக்கு மட்டும் அதிகாரம் இருந்துச்சா? ரெண்டாயிரத்து ஆறுல மருந்து தெறிச்சு எனக்கு இந்தக் கண்ணு போச்சு. ரெண்டு வருசம் முன்னாடியே நிறுத்துன்னு நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கு நான் அங்க நின்னிருக்கவே மாட்டேன்."

நிகழ்ச்சியை நடத்திய அம்மையார் குறுக்கிட்டார். நேரமாகிறது, கேள்வி மட்டும் கேளுங்கள் மக்சிக் என்று மலாயில், அத்தை முறை வைத்துச் சொன்னார்.

"கேள்விதான் கேட்டேன். பதில்தான் வரல," என்று நவமணியும் மலாயிலேயே சொன்னார். பிறகு மேடையைப் பார்த்துத் தமிழில், "பதினெட்டாம் நம்பர் வாசுகி. அவளுக்கு..." என்றார். ஒலிவாங்கி செத்துப்போனது. யாரோ அணைத்துவிட்டார்கள். அவர் அது இல்லாமலே சத்தமாகப் பேசத் தொடங்கினார். உடனே ஒலிபெருக்கியில் பல்கலைக்கழகப் பாடலைப் போட்டார்கள். வாத்திய முழக்கத்தில் அவர் குரல் மூழ்கியது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரவிச்சந்திரன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார்.

அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தோம். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள், விரிவுரையாளர்கள், கோயில் தலைவர்கள், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் இரண்டு பேர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. பாடல் முடிந்ததும் பேராசிரியருக்குப் பூக்கூடை கொடுத்தார்கள். அதற்கும் கைதட்டல் இருந்தது.

வெளியே கூடாரத்தில் ரவிச்சந்திரன் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "அக்கா, நான்தானே உங்களுக்கு இந்த இடத்த வாங்கிக் குடுத்தேன்? என் பேரு என்னாகும்? தனியா போய்க் கேட்டிருக்கலாம் லா."

"இருபது வருசமா அவரு எங்க இருக்காருன்னே தெரியலயே தம்பி. தனியா எங்க போய்க் கேக்குறது?"

"மரியாதைன்னு ஒன்னு இருக்கு அக்கா. நம்ம ஆளு ஒருத்தர் இவ்வளோ மேல வந்திருக்காரு."

"எது மேல ஏறி வந்தாரு?"

ரவிச்சந்திரன் உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை நூற்றைம்பது பொட்டலங்களோடு நவமணி போனபோது அவருடைய மேசையைக் காணோம். சுகாதாரக் காரணங்களுக்காக அனுமதி திரும்பப் பெறப்படுகிறது என்று முதல் நாள் மாலையே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார்களாம். அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. தடுப்பூசி அட்டை, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் அவர் பையில் இருந்தன. எடுத்துக் காட்டினார். காவலாளி என்ன செய்வார், பாவம், எனக்குத் தெரியாது என்றார். திங்களும் செவ்வாயும் புதனும் சுகாதாரமாக இருந்த கை, கேள்வி கேட்டதும் அசுத்தமாகிவிட்டது.

ஜக்கரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "எடுக்கச் சொன்னது உங்க மேசையத்தானே? உங்கள இல்லயே. எங்க கடையில பாதிய எடுத்துக்குங்க அக்கா."

"உங்களுக்கும் பிரச்சின வரும் பாய்."

"வரட்டும். எங்கத்தா இந்தத் தோட்டங்களுக்குத்தான் சைக்கிள்ல துணி கொண்டாந்து வித்தாரு. லயத்துப் பொம்பளைங்க குடுத்த காசுலதான் நாங்க படிச்சோம்." மீ கோரெங் தட்டுகளை ஒரு பக்கம் தள்ளி இடம் செய்தார்.

எட்டே முக்காலுக்குள் எல்லாம் விற்றுவிட்டது. வாங்கியவர்களில் மாணவர்கள் அதிகம். சிலர் பொட்டலத்தை வாங்கும்போது "நேற்று நடந்தது தப்பு, மக்சிக்" என்று மெல்லச் சொன்னார்கள். நேற்று மண்டபத்தில் அதைச் சொல்லியிருக்கலாம் என்று நவமணி அவர்களிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நானாகத்தான் போய், "என்னை மன்னிச்சிரு நவமணி" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் டீச்சர். எனக்கு ஆளுங்கள கண்டுபுடிக்கணும். உங்க காடி வருமா?"

அன்று பகல் முழுக்க என் பழைய காடியை ஓட்டிக்கொண்டு அலைந்தோம். அவருடைய மகள் ஷாமளா தொழிற்சாலையில் விடுப்பு சொல்லிவிட்டுத் தொலைபேசியும் கையுமாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது லயம் இல்லை. மருந்தடிக்க வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருகிறார்கள். பழைய ஆட்கள் சிதறிப்போய்விட்டார்கள். சுங்கைப் பட்டாணி அடுக்குமாடிகளில் ஐந்து பேர் கிடைத்தார்கள். குரூணில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். பதினொரு பேர் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். நெஞ்சுவலி, புற்றுநோய், விபத்து, சும்மா படுத்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. எல்லாமே மருந்தால் வந்தது என்று நான் எழுதமாட்டேன். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. அந்தப் படிப்பு உள்ளவர் ஒருவர் இருந்தார். அவரிடம் தாளும் இருந்தது.

கடைசியாகத் தஞ்சோங் டாவாய். அங்கே காஞ்சனா நெத்திலி காயப்போடும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். முப்பத்து ஒன்றாம் எண். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. நவமணி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மீனைக் கிளறிக்கொண்டே, "இப்ப எதுக்குடி இது? செத்தவளுங்க திரும்பி வரப்போறாங்களா?" என்றார்.

"செத்தவளுங்களுக்காக இல்ல. ஒனக்கு மூச்சு முட்டுதே, எதனாலன்னு தெரிய வேணாமா?"

"இத்தன வருசம் தெரியாமத்தானே இருந்தேன்."

"அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு காஞ்சனா. அதான் எனக்கு ஆறல. நமக்குத் தெரியாம, அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

காஞ்சனா மீனைக் கிளறுவதை விட்டார். பிறகு குழாயடிக்குப் போய்க் கைகழுவினார். "நாளைக்கு எத்தன மணிக்கு?"

வெள்ளிக்கிழமை நிறைவு விழா. துணைவேந்தர் சான்றிதழ் கொடுக்க வந்திருந்தார். பேராசிரியர் சத்தியசீலன் புதன்கிழமையே கிளம்பிவிட்டார். நவமணியோடு சேர்த்து ஏழு பெண்கள் வந்து முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பதாகை இல்லை, கோஷம் இல்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். துணைவேந்தர் பேசத் தொடங்கி, அறிவியல் மக்களுக்கே சொந்தம் என்று சொன்ன இடத்தில் நவமணி எழுந்தார்.

"நான் நவமணி. பதினேழாம் நம்பர்."

"நான் காஞ்சனா. முப்பத்து ஒன்னு."

ஒவ்வொருவராக எழுந்து பேரையும் எண்ணையும் சொல்லிவிட்டு நின்றார்கள். ரவிச்சந்திரன் பக்கவாட்டிலிருந்து, உட்காருங்கள் என்று கையை அசைத்தார். துணைவேந்தருக்குத் தமிழ் தெரியாது. இவர்கள் யார், என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். நான் எழுந்தேன். 2004 முதல் நடந்ததை மலாயில் சொன்னேன். நவமணி பக்கத்தில் நின்று, "மைலோ பொட்டலத்தையும் சொல்லுங்க டீச்சர்" என்றார். சொன்னேன். இந்த முறை ஒலிவாங்கியே என்னிடம் இல்லை, அணைப்பதற்கு.

பாடலைப் போடவில்லை. துணைவேந்தர் முகம் சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆய்வைச் செய்தது தங்கள் பல்கலைக்கழகம் இல்லை என்றார். உண்மைதான். ஆனால் அதைத் தங்கள் மேடையில் ஏற்றியது தாங்கள் என்பதால் ஆறு வாரத்தில் பதில் பெற்றுத்தருவதாக எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அந்த மட்டுக்கு அவர் நல்ல மனிதர்.

பேராசிரியரிடமிருந்து ரவிச்சந்திரன் வழியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர்களையும் எண்களையும் இணைக்கும் பட்டியல் ஆய்வு நெறிமுறைப்படி பூட்டிய அலமாரியில் பாதுகாப்பாக இருக்கிறதாம். இருபது வருடம்! அழியவில்லை, தொலையவில்லை, கரையான் அரிக்கவில்லை. ஒரு தபால்தலை ஒட்டியிருந்தால் போதும். அந்த ஆய்வுக் கட்டுரையை ஷாமளா இணையத்தில் தேடி எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் நன்றி எழுதியிருந்தது, தோட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்புக்கு.

ஆறு வாரம் பதினொரு வாரமானது. முடிவுகள் வைத்த உறைகள் வந்தன. எல்லாம் ஆங்கிலத்தில், நவமணி என்ற பேர்கூட இல்லாமல், 'எண் 17' என்று. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு நவமணிக்குப் புதிதாகப் பரிசோதனைகள் எழுதிக்கொடுத்தார். சிறுநீரகம் கொஞ்சம் பழுது, கவனித்துக்கொண்டால் தாங்கும் என்றார். காஞ்சனாவை நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினார். இப்போது அவருக்கு இழுப்புமருந்து கொடுத்திருக்கிறார்கள். தஞ்சோங் டாவாயிலிருந்து பேருந்து மாறி மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறார்.

வாசுகி இப்போது உயிரோடு இல்லை, அவருடைய உறை கணவர் லோகேஸ்வரனுக்கு வந்தது. சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு நவமணியோடு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார். நான் படித்துச் சொன்னேன். சிறுநீரில் புரதம் மிக அதிகம். உடனடியாகச் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பப் பரிந்துரை.

"இது எப்ப எழுதினது டீச்சர்?"

"ரெண்டாயிரத்து நாலு, ஆகஸ்டு."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அவளுக்குக் காலு வீங்குனது ரெண்டாயிரத்து எட்டுல. அப்பத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏன் இவ்வளோ லேட்டா கொண்டாந்தீங்கன்னு அந்த டாக்டர் என்னைத் திட்டுனாரு. படிக்காதவன், பொண்டாட்டிய கவனிக்கலன்னு." தாளை வாங்கி உறைக்குள் வைத்தார். உள்ளே போகாமல் அது மடங்கியது. திரும்ப எடுத்து நிமிர்த்தி வைத்தார். "பதினாறு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

நவமணி வாய்விட்டுத் திட்டினார். நான் அவர் அப்படித் திட்டிக் கேட்டதில்லை. இங்கே எழுத முடியாத வார்த்தைகள். லோகேஸ்வரன் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

அந்த ஏழு பேரும் லோகேஸ்வரனும் சேர்ந்து ஒரு கடுதாசி எழுதினார்கள். நான்தான் எழுதிக்கொடுத்தேன். இரண்டுதான் கேட்டார்கள். நடந்தது தவறு என்று தமிழில் ஒரு மன்னிப்பு, பேராசிரியரின் கையெழுத்தோடு. இன்னும் கிடைக்காதவர்களைத் தேடி உறைகளைக் கொண்டுசேர்க்க ஆட்கள். முகவரி தெரியாமல் இன்னும் பதின்மூன்று உறைகள் அந்த அலமாரியிலேயே கிடக்கின்றன. பதிலாக, உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி வந்தது. பேராசிரியருக்கு இதற்கிடையே வேறு ஏதோ விருது கொடுத்தார்கள். தமிழ்ப் பத்திரிகையில் அரைப்பக்கம் படம். தோட்டத்துப் பிள்ளையின் சாதனை என்று தலைப்பு.

ஷாமளா வேலை இல்லாத நாள்களில் நாங்கள் மூவரும் இன்னும் அலைகிறோம். போன மாதம் இருவரைக் கண்டுபிடித்தோம்.

சென்ற வாரம் முச்சந்தியில் நான் பசியாறிக்கொண்டிருந்தபோது ரவிச்சந்திரன் காடியை நிறுத்திவிட்டு வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு வருகிறார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"அக்கா, இந்த வருசமும் அறிவியல் வாரம் நடக்குது. நீங்க கடை போடணும். மேலிடத்துலயே கேக்கச் சொன்னாங்க. உங்களுக்கு முன்னாடி இடம் தர்றோம்."

நவமணி சம்பல் கரண்டியைக் கீழே வைத்தார். "சத்தியசீலன் டாக்டரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துட்டாரா?"

"அது... பேசிக்கிட்டு இருக்காங்க அக்கா."

"அப்ப பேசி முடிச்சிட்டு வாங்க."

ரவிச்சந்திரன் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். நவமணி அடுத்து நின்றிருந்த பெண்ணிடம் முட்டை வேண்டுமா, நெத்திலி மட்டும் போதுமா என்று கேட்டார்.